உண்டதும் ஊட்டியதும்: பாறுகளைக் காக்க எழுந்த சட்டப் போராட்டம்

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரும் வரையறை, பொதுவழக்கில் அச்சொல் தாங்கும் பொருளைவிட விரிந்தது. காட்டு விலங்கைக் கொல்லுதல், பொறிவைத்துப் பிடித்தல் ஆகியவற்றோடு நஞ்சூட்டுதலும், அவற்றுக்கான முயற்சியும் அதில் அடங்கும். பறவைகளும் அச்சட்டத்தின் நோக்கில் விலங்குகளே. ஆக, காட்டுப் பறவைக்கு நஞ்சிடுவது இந்தியாவில் அரை நூற்றாண்டாகக் குற்றம். எனினும் இந்நாட்டில் அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பறவை நஞ்சேற்றத்தின்போது அந்த வரையறையைக் கொண்டு எதுவும் செய்ய இயலவில்லை. 1990களில் தொடங்கிய அவ்வழிவில், ஒருகாலத்தில் கோடிக்கணக்கில் மதிப்பிடப்பட்ட பாறுகள் சில ஆயிரங்களாகச் சுருங்கின.

இயலாமைக்குக் காரணம் ஓரளவு இலக்கணம் சார்ந்தது. ‘உண்’ என்பது தன்வினை. ‘ஊட்டு’ அதன் பிறவினை. ஊட்டுவதற்கு ஊட்டுபவர் ஒருவர் வேண்டும். அவருக்குக் கருத்து வேண்டும். உண்ணும் உயிரை நோக்கிய செயல் வேண்டும். ஆங்கிலச் சட்டவாசகத்தில் உள்ள சொல்லும் அத்தகைய செயப்படுபொருள் குன்றாவினையிலிருந்து பிறந்ததே. பாறுகள் நஞ்சை உண்டன; ஆனால் எவரும் ஊட்டவில்லை. நோயுற்ற மாட்டின் வலியைத் தணிக்க உழவர் ஊசி போட்டார். மாடு பிறகு இறந்தது. அதன் உடலை ஊருக்கு வெளியே இட்டனர். பறவை வந்து தின்றது. இந்த நான்கு நிகழ்வுகளுள் எதையும் குற்றமென்று சுட்ட இயலாது. பாறுகளைக் காக்க முனைந்தோர் முதலில் எதிர்கொண்ட இடர் இதுதான்.

பெயரைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். தமிழில் இப்பறவையைப் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்று எழுதும் வழக்கம் பரவலானது. உயிருள்ள இரையைப் பிடிக்கும் கழுகினின்று இது வேறுபட்டது என்பதை அத்தொடர் உணர்த்துகிறது. கூடவே அருவருப்பையும் ஏற்றிவிடுகிறது. சங்கப் பாடல்களில் பயின்று வரும் ‘பாறு’ என்னும் சொல்லைத் தமிழ்நாட்டின் பறவை ஆர்வலர்கள் மீட்டெடுத்து, வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு என இனப்பெயர்களை நிலைநாட்டியிருக்கின்றனர். பாதுகாப்பு இயக்கம் மொழிக்குச் செய்த சிறிய, ஆனால் நிலைத்த பணி அது.

அழிவு முதலில் கண்ணில் பட்ட இடம் இராசத்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. அப்பூங்கா நஞ்சுக்குப் புதிதன்று. 1980களின் இறுதியில் அங்கே சாரசக் கொக்குகள் கொத்தாக இறந்தபோது, சுற்றுவட்ட வயல்களில் பயன்பட்ட ஆல்ட்ரின் என்னும் பூச்சிக்கொல்லியே காரணமென சு. முரளிதரன் நிறுவினார். ஆல்ட்ரின் நாட்டில் தடைசெய்யப்பட்டது 1996ஆம் ஆண்டில். அதே பூங்காவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1980களில் எண்ணிய வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353. 1996ஆம் ஆண்டில் அவர் மீண்டும் எண்ணியபோது அவற்றுள் பாதிகூட எஞ்சியிருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே கூடு என்று சொல்ல ஒன்றுமில்லாமற் போயிற்று. கழுத்து துவண்டு தொங்க, கிளையில் அமர்ந்தபடியே பறவைகள் நாட்கணக்கில் கிடந்து விழுந்தன. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகே இந்தியா முழுவதும் தேடல் தொடங்கியது. வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 1992க்கும் 2007க்கும் இடையில் 99.9 விழுக்காடு குறைந்தது எனவும், கருங்கழுத்துப் பாறும் மெல்லிய அலகுடைய அதன் உறவினமும் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன எனவும் பின்னர் வந்த சாலைவழிக் கணக்கெடுப்புகள் காட்டின. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவைக்கு இத்தகைய இழப்பு மீளுதற்கரியது.

தொடக்கத்தில் பெரும்பாலோர் ஐயுற்றது தொற்றுநோயை. வைரசு ஒன்று பரவுகிறது என்னும் கருதுகோள் சில ஆண்டுகள் ஆய்வைத் தன் வழியில் இழுத்துச் சென்றது. விடை வந்தது எல்லைக்கு அப்பாலிருந்து. பாகிஸ்தானின் பஞ்சாபில் பெரிக்ரின் ஃபண்ட் என்னும் அமெரிக்க அமைப்போடு இணைந்து ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்சு குழுவினர், இறந்த பறவைகளின் உள்ளுறுப்புகள்மேல் வெண்பூச்சாக யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டனர். சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. கிருமி எதுவும் அகப்படவில்லை. மாடுகளின் உடலில் சேரும் மருந்துகளுள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது எது என்று கால்நடை மருந்துக் கடைகளில் விசாரித்தபோதுதான் டைக்ளோஃபெனாக் வெளிப்பட்டது. படிவு காணப்பட்ட 25 பறவைகளின் சிறுநீரகங்களிலும் அம்மருந்தின் எச்சம் இருந்தது. படிவில்லாமல் பிற காரணங்களால் இறந்த 13 பறவைகளில் ஒன்றிலும் இல்லை. 2004ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது.

அதே ஆண்டில் ரைஸ் கிரீனும் உடனாய்வாளர்களும் செய்த கணக்கு, சட்டம் இயற்றுவோர் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டியது. பாறுகளுக்குக் கிடைக்கும் பிணங்களுள் 760இல் ஒன்று முதல் 130இல் ஒன்று வரை நஞ்சேறியிருந்தாலே, கண்ட அளவிலான அழிவு முழுவதையும் அது விளக்கப் போதுமானது. ஒரே பிணத்தின்மேல் பல பறவைகள் கூடி உண்பதால் நேரும் விளைவு இது. மருந்தின் பயன்பாட்டைப் பாதியாகக் குறைப்பதோ பத்தில் ஒன்றாகக் குறைப்பதோ இங்கே வெற்றியாகாது. அறிவுரை, விழிப்புணர்வு, தன்விருப்பக் கட்டுப்பாடு ஆகிய மென்மையான வழிகளை இந்த எண்கள் தொடக்கத்திலேயே அடைத்துவிட்டன. கிட்டத்தட்ட முழுமையான தடை ஒன்றே வழி என்னும் கோரிக்கை பிறந்தது இங்கிருந்துதான்.

இனி எந்தச் சட்டத்தைக் கொண்டு தடுப்பது என்னும் கேள்வி. காட்டுயிர்ச் சட்டம் பயன்படாது என்று கண்டோம். எஞ்சியது 1940ஆம் ஆண்டின் மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டம். அதன் 26ஏ பிரிவு, மனிதருக்கோ விலங்குகளுக்கோ இடர் விளைக்கக்கூடிய மருந்தின் உற்பத்தியையும் விற்பனையையும் பொதுநலன் கருதித் தடைசெய்ய ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அப்பிரிவின் வழக்கமான பயன்பாட்டில் இடருக்கு உள்ளாகும் ‘விலங்கு’ என்பது மருந்தை ஏற்கும் விலங்கு. ஊசி பெற்ற மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் தீங்கு செய்யவில்லை, நன்மையே செய்தது. தீங்குற்றது, நோயாளியை அதன் மறைவுக்குப் பின் உண்ட மூன்றாம் உயிர். ‘விலங்குகள்’ என்னும் பன்மைக்குள் அந்த மூன்றாம் உயிரையும் இடம்பெறச் செய்ததே இந்த இயக்கத்தின் உண்மையான சட்டச் சாதனை. சட்டவாசகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைப் படிக்கும் முறை மாறியது. இவ்வளவு பெரிய நகர்வு நீதிமன்ற வாதம் எதுவுமின்றி, வாரியக் கூட்டங்களிலும் அமைச்சகக் கடிதங்களிலும் நடந்தேறியதால் போதிய கவனம் பெறாமல் போனது வியப்பன்று.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும், பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புக்கான அரச கழகமும், அவற்றோடு இணைந்தோரும் அரசின் வாயில்களைத் தட்டியபோது எழுந்த முதல் எதிர்க்கேள்வி நியாயமானது: மாட்டின் வலிக்கு மாற்று என்ன? பல மாநிலங்களில் பசுவைக் கொல்லத் தடையுண்டு. பல வீடுகளில் உழைத்து ஓய்ந்த மாட்டை இறக்கும்வரை பேணும் வழக்கமும் உண்டு. அத்தகைய மாட்டுக்குக் கடைசி நாட்களில் தரப்படும் மலிவான வலிநீக்கியே பாறின் உயிரைக் குடித்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான முரண். 2005 மார்ச்சில் தேசியக் காட்டுயிர் வாரியம் ஆறு மாதங்களுக்குள் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து டைக்ளோஃபெனாக்கை நீக்க வேண்டுமென்று முடிவெடுத்தது. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்பதைத் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டின; அவை 2006 தொடக்கத்தில் வெளிவந்தன. அவ்வாண்டு மே மாதம் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் கால்நடை டைக்ளோஃபெனாக்கின் உற்பத்தி உரிமங்களைத் திரும்பப்பெறுமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில் தடை விதித்தன. கடிதத்துக்கு முழுமையான சட்ட வலு தரும் அரசிதழ் அறிவிக்கை வெளிவர 2008 ஆயிற்று.

தடையின் சொல்லாட்சி ‘விலங்குப் பயன்பாட்டுக்கு’ என்பது. மனிதப் பயன்பாட்டுக்கான டைக்ளோஃபெனாக் தொடர்ந்து கிடைத்தது, கிடைக்கவும் வேண்டும். ஆனால் மருந்து ஒன்றே, மூலக்கூறும் ஒன்றே. வேறுபாடு சீட்டில் மட்டும். 2007 நவம்பர் முதல் 2010 சூன் வரை 11 மாநிலங்களில் 250க்கும் மேற்பட்ட மருந்துக் கடைகளில் வாடிக்கையாளர் போலச் சென்று கேட்டுப் பார்த்த ஆய்வில், 36 விழுக்காட்டுக் கடைகளில் மாட்டுக்கென டைக்ளோஃபெனாக் கிடைத்தது. அதில் பெரும்பகுதி மனிதருக்கென விற்கப்பட்ட 30 மில்லிலிட்டர் குப்பி. மனிதர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டர் போதும். அவ்வாறிருக்க 30 மில்லிலிட்டர் குப்பி எவருக்காகத் தயாரிக்கப்பட்டது? இந்த எளிய கணக்கே அடுத்த கட்டப் போராட்டத்தின் அச்சாணி. 2015 சூலையில் ஒன்றிய அரசு மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசிமருந்தை ஒருவேளை அளவுக் குப்பியில் மட்டுமே விற்க வேண்டுமென்று அறிவித்தது. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடின. 2017ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்து அறிவிக்கையை உறுதிப்படுத்தியது. மாட்டுக்கு ஊசி போட வேண்டியவர் இப்போது சிறு குப்பிகள் பலவற்றை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். குற்றவியல் தண்டனை எதையும் கூட்டாமல், பொட்டலத்தின் அளவை மாற்றி நடத்தையை மாற்ற முனைந்த இவ்வழி, மொத்தப் போராட்டத்திலும் நுண்மையான உத்தி.

பாறுகள் இல்லாத வெளியில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு அண்மையில் ஒரு விடை வந்திருக்கிறது. பொருளியலாளர்கள் எயால் பிராங்கும் அனந்த் சுதர்சனும் பாறுகள் மிகுதியாக இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, 2000 முதல் 2005 வரையிலான ஐந்தாண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் மனித உயிரிழப்புகள் கூடுதலாக நேர்ந்தன என்று மதிப்பிடுகிறது. அழுகும் பிணங்கள், மாசுற்ற நீர், பெருகிய தெருநாய்கள், வெறிநோய் ஆகியவை அதன் வழிகள். மும்பையின் பார்சிச் சமூகத்தினர் அமைதிக் கோபுரங்களில் இறந்தோரை உரிய முறையில் வழியனுப்ப இயலாமல் சூரிய வெப்பக் குவிப்பிகளை நாட நேர்ந்தது வேறொரு வகை இழப்பு. அதை எந்தப் பொருளியல் அட்டவணையும் அளக்காது. பறவையின் பயனைப் பணத்தில் சொன்னால்தான் ஆட்சியாளர் செவிசாய்ப்பர் என்னும் நம்பிக்கை பாதுகாப்பாளரிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் 2006ஆம் ஆண்டின் தடை இந்தக் கணக்குகளுக்கெல்லாம் முந்தியது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அப்போது முன்வைக்கப்பட்டது சிறுநீரகத் திசுக்களின் சான்றும், கைக்கெட்டும் மாற்று மருந்தும்.

சட்டத்தின் ஆழமான குறை இதன் பின்னரே தெளிவாயிற்று. தடை ஒரு பெயரைத் தடுத்தது. அப்பெயர் சுட்டும் பண்பை, அதாவது பாறின் சிறுநீரகத்தைச் சிதைக்கும் பண்பை, அது தடுக்கவில்லை. டைக்ளோஃபெனாக் சந்தையிலிருந்து விலகிய இடத்தில் அதன் உறவுகள் வந்து அமர்ந்தன. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2009ஆம் ஆண்டிலேயே ஆய்வில் வெளிவந்தது. அசிக்ளோஃபெனாக்கின் நிலை இன்னும் விந்தையானது: மாட்டின் உடலுக்குள் சென்றதும் அது விரைவில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. அரசிதழின் மொழியில் இரண்டும் வெவ்வேறு பெயர்ச்சொற்கள். மாட்டின் குருதியில் ஒரே பொருள். தடைசெய்யப்பட்ட ஒன்றை வேறு பெயரில் உரிமம் பெற்று விற்க முடிந்தது. இவ்விரண்டுக்கும் தடை வந்தது 2023 சூலை இறுதியில். அதாவது கீட்டோபுரோஃபெனின் நச்சுத்தன்மை அறியப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் கழித்து. நிமிசுலைடு 2024 டிசம்பர் இறுதியில் விலங்குப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. ஃபுளுனிக்சின், கார்புரோஃபென் ஆகியவற்றின்மீதான ஐயம் தொடர்கிறது. இந்த இடைவெளிகளில் தமிழ்நாட்டின் மோயாறு பள்ளத்தாக்கைப் போன்ற எஞ்சிய வாழிடங்களைச் சுற்றி, மாநில அளவில் கீட்டோபுரோஃபெனைக் கால்நடை மருத்துவமனைகளிலிருந்து விலக்கும் முயற்சிகள் நடந்தன. நாடு தழுவிய சட்டம் வரும்வரை காத்திருக்கவியலாத சிறு எண்ணிக்கையில் அங்கே பறவைகள் இருந்தன.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே வரிசை திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. பறவை இறக்கும், ஆய்வகம் காரணத்தை மெய்ப்பிக்கும், ஆர்வலர் மனு அளிப்பர், மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியம் கூடும், பல ஆண்டுகள் கழிந்து அறிவிக்கை வரும். மெய்ப்பிக்கும் பொறுப்பு எப்போதும் பறவையின் பக்கத்தில் இருக்கிறது. எனவேதான் இயக்கத்தின் இன்றைய முதன்மைக் கோரிக்கை தண்டனையைக் கூட்டுவது பற்றியதாக இல்லை. கால்நடைக்கான புதிய வலிநீக்கி எதுவாயினும், பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து நிறுவிய பின்னரே உரிமம் தர வேண்டும் என்பது அக்கோரிக்கை. மெலாக்சிகாமும் டால்ஃபெனாமிக் அமிலமும் அச்சோதனையில் தேறியவை. ஆக அது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பாவின் நிலையும் இதற்குச் சான்று. தெற்காசியாவின் பட்டறிவு முழுவதும் அச்சில் இருந்தும் 2013ஆம் ஆண்டில் ஸ்பெயின் கால்நடை டைக்ளோஃபெனாக்குக்கு உரிமம் வழங்கியது. பாறுகள் நிறைந்த நாடு அது. 2020ஆம் ஆண்டில் அங்கே கரும்பாறு ஒன்று அம்மருந்தால் இறந்து கிடந்தது.

நேரடியாக நஞ்சிடுதல் இன்னொரு தனிக்கதை. 2022 மார்ச்சில் அசாமின் சாய்காவ் பகுதியில் நஞ்சேறிய ஆட்டின் உடலைத் தின்று ஏறத்தாழ நூறு பாறுகள் ஒரே நிகழ்வில் இறந்தன. இத்தகைய நிகழ்வுகளில் பெரும்பாலும் இலக்கு பாறு அன்று. கால்நடையைக் கடிக்கும் தெருநாயோ வேறு விலங்கோதான். இங்கே ஊட்டியவர் உண்டு. ஆனால் அவர் கருதியது வேறோர் உயிரை. இந்நஞ்சுகள் பெரும்பாலும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் முறையாக விற்கப்படும் வேளாண் மருந்துகள். காட்டுயிர்ச் சட்டம் வனத்துறையின் கையில். மருந்துச் சட்டம் நலவாழ்வு அமைச்சகத்தின் கையில். பூச்சிக்கொல்லிச் சட்டம் வேளாண் அமைச்சகத்தின் கையில். ஒரு பறவை இம்மூன்று அலுவலகங்களின் எல்லைகளையும் ஒரே நாளில் பறந்து கடந்துவிடும். நாய்க்கு வைத்த நஞ்சால் பாறு இறக்கும்போது அது விபத்தா குற்றமா என்பதை முடிவு செய்யும் சுமை அந்தந்த வனச்சரகரின் தோளில் விழுகிறது.

தடைகள் பயனற்றவை என்று கொள்ளவும் கூடாது. இந்தியாவின் பிண இடுகாடுகளிலிருந்து எடுத்த மாட்டு ஈரல் மாதிரிகளில் டைக்ளோஃபெனாக் காணப்பட்ட விகிதம் தடைக்கு முன் 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்தது. தடைக்குப் பின் இரண்டே ஆண்டுகளில் கணிசமாகக் குறைந்தது. அழிவின் வேகமும் தணிந்தது. 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஏறத்தாழ 6,000, கருங்கழுத்துப் பாறுகள் 12,000, மெல்லலகுப் பாறுகள் 1,000. ஆனால் தடைக்குப் பின் இறந்த பாறுகளின் உடல்களைச் சோதித்த கோயம்புத்தூர் சாலிம் அலி மையத்தின் ஆய்வாளர்கள் அவற்றிலும் டைக்ளோஃபெனாக்கைக் கண்டனர்.

அரியானாவின் பிஞ்சூரில் உள்ள சடாயு இனப்பெருக்க மையத்தில் வளர்க்கப்பட்ட வெண்முதுகுப் பாறுகளுள் எட்டு 2020 அக்டோபரில் வெளியில் விடப்பட்டன. மையம் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை விடாததற்குக் காரணம் பறவைகளின் பற்றாக்குறை அன்று. கூண்டுக்கு வெளியே நூறு கிலோமீட்டர் சுற்றளவில் நஞ்சில்லாப் பிணம் கிடைக்கும் என்று உறுதிகூற எவராலும் முடியவில்லை. கூண்டுக்குள் இருப்பவற்றுக்கு ஆட்டிறைச்சி இடப்படுகிறது. வாங்கிவரும் ஆடுகளை உடனே அறுப்பதில்லை. அவற்றின் உடலில் மருந்து ஏதேனும் இருந்தால் அது கழியட்டும் என்று சில நாட்கள் தனியே கட்டி வைத்திருக்கிறார்கள்.